கால் ட்யூப்

— கால் ட்யூப்தான் ஊத்துனேன் வைதேகி. சத்தியமா கால்தான்.

— மெதுவா பேசுங்க லா. கிளினிக்ல எல்லாரும் நம்மளையே பாக்குறாங்க.

— கடைக்காரரு சொன்னது இன்னும் காதுலயே நிக்குது. இது பெரிய நாய்க்கு உள்ள மருந்து, உங்க நாய் ஆறு கிலோதான், கழுத்துல கால்வாசி ஊத்துனா போதும், தெள்ளுப்பூச்சி எல்லாம் செத்துரும்னாரு. ட்யூப்புல பேனாவால கோடு கூடப் போட்டுக் குடுத்தாரும்மா. அந்தக் கோட்டுலயே நிறுத்திட்டேன்.

— சின்ன நாய்க்கு உள்ளது இல்லன்னா வேற கடைக்குப் போகணும். புக்கிட் மேராவுல அந்த ஒரு கடைதான் இருக்கா? பொண்டாட்டி வேலைக்குப் போறா, நாள் முழுக்க வீட்டுல சும்மாதானே இருக்கீங்க கோவிந்தராசு சார்?

— நீதானேம்மா நேத்தே முடிச்சாகணும்னு சொன்ன. கால் பூரா கடிச்சு வச்சிருக்குன்னு.

— சொன்னேன். ஆபீஸ்ல இன்ஷா என் காலப் பாத்துட்டு, என்னக்கா, தோல் வியாதியான்னு கேக்குறா. பக்கத்துல நாலு பேரு சிரிக்கிறாங்க. அதுக்காக நாயக் கொன்னுடுங்கன்னா சொன்னேன்?

— கொல்லுறதுன்னு சொல்லாத. உள்ள பாத்துக்கிட்டு இருக்காங்க. கச்சாங் பொழைச்சுக்குவான்.

— எட்டரைக்கு நான் செருப்பு மாட்டுறேன், அதுக்கு வாயில நுரை. நாலு காலும் வெட்டி வெட்டி இழுக்குது. நீங்க என்ன பண்ணீங்க? தரையில உக்காந்து அழுதீங்க. துண்டுல சுத்தினது நான். குவீன்ஸ்டவுன்லேருந்து இங்க ஃபேரர் பார்க் வரைக்கும் வண்டி கூப்ட்டது நான்.

— கை ஓடல எனக்கு. மடியில தூக்கி வச்சேன், அப்படியே வில்லு மாதிரி வளைஞ்சுட்டான். கண்ணு மட்டும் என்னையே பாக்குது.

— ப்ளீஸ், அழாதீங்க. அசிங்கமா இருக்கு.

— நேத்து ஊத்துன பிறகு கீழ கூட்டிட்டுப் போனேன் வைதேகி. நம்ம புளோக்குக்கு அடியில உள்ள வாய்ட் டெக்குல பக்கத்து வீட்டு சின்னத்தம்பி அண்ணன் குடுத்த பிஸ்கட்ட முழுசாத் தின்னான். காலையில நான் மார்க்கெட்டுக்குத் தோசை வாங்கக் கெளம்பறப்பகூட வால ஆட்டுனான். திரும்பி வந்தா இப்படி.

— மிச்ச மருந்து எங்க?

— மூடி போட்டு செருப்பு அலமாரி மேல வச்சேனே.

— அங்க இல்ல. குப்பைத்தொட்டியில காலி ட்யூப் கெடந்துச்சு. நான் பாத்தேன்.

— காலியா? எப்படிம்மா காலியாவும்?

— அத நீங்கதான் சொல்லணும். ஊத்துறப்ப கண்ணாடி போட்டிருந்தீங்களா?

— போட்டிருந்தேன்னுதான் நெனைக்கிறேன்.

— நெனைக்கிறீங்க. உங்க தங்கச்சிகிட்ட ஃபோன்ல பேசிக்கிட்டே ஊத்துனீங்க. போன மாசம் அடுப்ப அணைக்காம கீழ போனீங்க. அன்னிக்கும் இதே சத்தியம்தான். அணைச்சேன், சத்தியமா அணைச்சேன்.

— அது ஒரு நாள்...

— ஷிப்யார்டுல என்ன நடந்துச்சு? சேஃப்டி பெல்ட் கொக்கிய மாட்டிட்டேன்னுதான் அன்னிக்கும் நெனச்சீங்க. தோளு போச்சு, வேலையும் போச்சு.

— இப்ப அதயெல்லாம் எடுக்காதம்மா. இன்னிக்கு வேணாம்.

— சரி, முகத்தத் தொடைங்க. டாக்டர் வர்றாங்க.

— கச்சாங்கோட ஓனர் நீங்கதானே? நான் டாக்டர் ஆஸ்மா. எந்திரிக்காதீங்க அங்கிள், உக்காருங்க. இழுப்பு நிக்க ஊசி போட்டிருக்கேன். உடம்ப சோப்பு போட்டுக் கழுவுறாங்க. எனக்கு ரெண்டு விஷயம் தெரியணும். எவ்வளவு மருந்து ஊத்துனீங்க? எப்ப ஊத்துனீங்க?

— கால் ட்யூப் டாக்டர். நேத்து சாயங்காலம் அஞ்சு மணி இருக்கும்.

— கால் ட்யூப்புக்கு இவ்வளவு இழுக்காது அங்கிள்.

— முழு ட்யூப் டாக்டர். காலி ட்யூப்ப நான் பாத்தேன். இவருக்கு ஞாபகம் கொஞ்சம் கம்மி.

— அங்கிள், நீங்க சொல்லுங்க.

— கோட்டுல நிறுத்துன மாதிரிதான் எனக்கு இருக்கு. ஆனா அவங்க பாத்திருக்காங்களே. முழுசா ஊத்திட்டேன் போல.

— பரவால்ல, உங்களத் திட்ட வரல நான். அடுத்த கேள்விதான் முக்கியம், ரெண்டு பேரும் யோசிச்சு சொல்லுங்க. இன்னிக்கு காலையில ஏதாவது போட்டீங்களா? நேத்து போட்டது தோல்லயே காஞ்சிருக்கும், கழுவினா போதும். காலையில போட்டு, ஈரத்தோட அது நக்கியிருந்தா வயித்துக்குள்ள போயிருக்கும். அப்படின்னா இப்பவே மயக்கம் குடுத்து வயித்தக் கழுவணும். வயசான நாய், இதயம் வீக். தேவையில்லாம மயக்கம் குடுக்க எனக்குப் பயமா இருக்கு.

— காலையில நான் தொடவே இல்ல டாக்டர். அத நல்லாத் தெரியும்.

— மேடம்?

— நேத்துதான் டாக்டர். ஒரே தடவைதான் போட்டாரு.

— கண்டிப்பா? வேற யாரும் போடலையே?

— வீட்டுல நாங்க ரெண்டு பேருதான்.

— ஓகே. அப்ப வயித்துல கை வைக்கல. கழுவி முடிச்சுட்டு எப்படி இருக்குன்னு பாக்கலாம். இங்கயே இருங்க.

— நல்ல பொண்ணு. பொறுமையா பேசுது, இல்ல வைதேகி?

— ம்.

— இந்தக் கை தோளுக்கு மேல போகாதுன்னு பெரிய டாக்டரே சொன்னாருல்ல. பயிற்சி குடுத்தாங்க, ஒரு வாரத்துல விட்டுட்டேன். இந்தப் பய விடல. பந்த வாயில கவ்விக்கிட்டு வந்து காலடியில போடுவான். எறியலன்னா குரைப்பான். அவனுக்காக எறிஞ்சு எறிஞ்சுதான் இவ்வளவு தூரம் தூக்க வந்துச்சு. பாரு.

— நீங்க பந்து எறிஞ்சுக்கிட்டு இருந்தீங்க. நான் வேலைக்குப் போயிக்கிட்டு இருந்தேன்.

— அத நான் மறக்கலம்மா.

— உங்க கடைசித் தங்கச்சி அடுத்த மாசம் கைக்குழந்தையோட வந்து தங்குறேன்னா இல்ல? வேணாம்னு சொல்லிடுங்க.

— ஏம்மா? மொத மொதல்ல வர்றா. புள்ளைய நான் பாத்துக்குறேன், நீ வேலைக்குப் போவன்னுதானே பேசி வச்சோம்.

— ஒரு நாய்க்கு மருந்து போடத் தெரியாத கையில பச்சப்புள்ளைய எவ குடுப்பா? குடிக்கிற மருந்த அரை மூடிக்குப் பதிலா ஒரு பாட்டில் ஊத்திட்டீங்கன்னா?

— வைதேகி...

— தப்பா சொன்னேனா? சொல்லுங்க. கோட்டுல நிறுத்துனீங்களா, இல்லையா?

— தெரியல. நெசமாவே எனக்குத் தெரியலம்மா. நேத்து தெரிஞ்சுது. இப்ப தெரியல.

— அப்ப என்ன பண்ணணும்?

— வர வேணாம்னு சொல்லிடுறேன்.

— இன்னிக்கே சொல்லுங்க.

— இன்னிக்கே சொல்லிடுறேன்.

— அங்கிள், உள்ள வாங்க. மேடம், நீங்களும் வாங்க. சீக்கிரம்.

— என்ன டாக்டர்? நல்லாயிட்டானா?

— இதயம் ஒரு தடவை நின்னு திரும்ப வந்துச்சு. இனிமே தாங்காது. நீங்க பக்கத்துல இருக்கணும்னுதான் கூப்ட்டேன். தொடுங்க, பரவால்ல.

— டேய் கச்சாங். அப்பா வந்துட்டேன்டா. ஏன்டா இவ்வளவு குளுந்து கெடக்க? தலைய கொஞ்சம் தூக்குடா. டாக்டர், காது ஆடுது, பாருங்க, என் குரல் கேக்குது அவனுக்கு.

— கேக்கும் அங்கிள். பேசுங்க.

— நான்தான்டா ஊத்துனேன். கண்ணு தெரியாம ஊத்திட்டேன்டா. நீ அசையாம நின்னியே, கழுத்தக் காட்டிக்கிட்டு. அப்பா நல்லதுதான் பண்ணுவேன்னு நின்னியேடா. டாக்டர், மூச்சு... வைதேகி, மூச்சு வரல...

— போயிடுச்சு அங்கிள். சாரி.

— நீ ஒரு தடவை தொடும்மா வைதேகி. அவங்க எடுத்துட்டுப் போறதுக்குள்ள தொட்டுடு.

— வேணாம். நீங்க எந்திரிங்க.

— என்ன மன்னிச்சுடு. உனக்கும்தானே அவன் புள்ள. மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு.

— மன்னிச்சுட்டேன். போங்க. வெளிய காத்துல கொஞ்சம் நில்லுங்க.

— சரிம்மா. நிக்கிறேன்.

— மேடம், நீங்க இருங்க. அங்கிள் போனதும் கேக்கணும்னுதான் காத்திருந்தேன். இதயம் நின்னப்ப அது வாந்தி எடுத்துச்சு. பூரா மருந்து வாடை, எண்ணெய் மாதிரி. நேத்து சாயங்காலம் போட்ட மருந்து இப்படி வராது. காலையில யாரோ போட்டிருக்காங்க.

— அவரு தோசை வாங்கப் போயிருந்தாரு. சோஃபாவுல பூச்சி இன்னும் ஓடுச்சு டாக்டர். கால் ட்யூப்ப ஊத்திட்டு மிச்சத்த பத்திரமா எடுத்து வச்சிருக்காரு, என்ன மனுஷன்னு கோவம். அந்த முக்கா ட்யூப்பயும் நான்தான் முதுகுல ஊத்துனேன். திரும்பித் திரும்பி நக்குச்சு. நான் குளிக்கப் போயிட்டேன்.

— அப்பவே சொல்லியிருந்தா வயித்தக் கழுவியிருப்பேன். பொழைச்சிருக்கும். ரெண்டு தடவை கேட்டேனே மேடம், ஏன் சொல்லல?

— அவரு பக்கத்துல உக்காந்திருந்தாரே, டாக்டர்.