தூர்ந்து கிடக்கும் குழி

இல்லக்கா, கெணறு வெட்டுற வேலை இல்ல. மண்ணுதான், ஆனா கடலுக்கடியில இருக்க மண்ணு. வெளிநாட்டுல கடலுக்குள்ள கரண்டு எடுக்குற காத்தாடி நட்டிருக்கானுவ. ஆமா, நம்ம கயத்தாறு பக்கம் சுத்துதே, அதே மாதிரிதான். அந்தத் தூணைச் சுத்தி அலை எம்புட்டு மண்ணை அரிக்கும்னு முன்னாடியே கணக்குப் போட்டுச் சொல்லணும். ராஜபாளையத்துல வீட்டுல உக்காந்து கம்ப்யூட்டர்ல பாக்குறதுதான். சிரிக்காதீங்க, எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் சிரிப்பாரு.

கடக்கரையில நின்னிருக்கீங்கள்ல? அலை திரும்பும்போது குதிகாலுக்கடியில மண்ணு நழுவும் பாருங்க, அதேதான் அங்கயும். பெருங்காத்து அடிச்சா தூணைச் சுத்திக் குழி விழுந்துரும். காத்து நின்னதும் மண்ணு வந்து குழிய மூடிரும். இந்த ஆபீஸ்காரனுவ கடல் அடங்குன பொறவு போய் அளக்கானுவ. குழியே இல்லையே, ஒங்க கணக்கு தப்புங்கான். ஏன்யா, அது தூந்த மண்ணு, பொதபொதன்னு கெடக்கும், தூணைப் பிடிக்காதுன்னு எத்தனை மீட்டிங்ல கத்துறது? தொண்டத்தண்ணி வத்திப்போச்சுக்கா.

சாயுமான்னா? சாயும்னு சொல்ல மாட்டேன். சாயாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அம்புட்டுதான்.

எவன் தூணோ சாஞ்சா ஒனக்கென்னன்னு கேக்கீங்க, நியாயந்தான். எந்தம்பி லிங்கேஸ்வரன் அதுல ஏறி ரிப்பேர் பாக்குற ஆளுக்கா. காத்து நின்னதும் மொதல்ல ஏறுறது அவந்தான். லீவுல ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, அம்மா வீட்டுக்கு வந்திருக்கான். நாளைக்குக் கெளம்புதான். இந்த வாரம் அங்க பெருங்காத்துன்னு சொல்லுதாக. போகாதலேன்னு கெஞ்சிட்டேன், அழுதும் பாத்துட்டேன். ஆபீஸ்ல அளந்துட்டாக, நீ சும்மா பயங்காட்டாதங்கான்.

அம்மன் கோயிலுக்குத்தான் பஸ் ஏறுனீங்களா நீங்களும்? நானும் அங்கதான். பூக்குழிக்கு இன்னைக்குக் காப்புக் கட்டுதாகல்ல. தம்பி பேர்ல நேந்திருக்கேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன், அம்மாவே அவன இழுத்துட்டு வந்துரும். காப்புக் கட்டிட்டா பூக்குழி எறங்குற வரைக்கும் ஊரெல்லை தாண்ட மாட்டான். எங்கணக்குக்கு மசியாத பய, அந்த மஞ்சக் கயித்துக்கு மசிவான்.

நெசமா நேரலக்கா. பொய்யிதான். தீயில எறங்கட்டும், பரவால்ல, அந்தத் தூணுல மட்டும் ஏற வேண்டாம்.

அங்க அவனுக்குப் பதிலு வேற ஆளு ஏறுவானான்னா கேக்கீங்க? ஏறுவான்க்கா. அவன் பேரு கூட எனக்குத் தெரியாது.