வெறும் கோடுதான்

புதுச்சேரி உப்பளத்தில் நான் ஏறிய டெம்போவில் எதிர் சீட்டில் இரண்டு பெண்கள். ஒரே ஆபீசில் வெப்சைட் செய்பவர்கள் என்று பேச்சில் தெரிந்தது. கம்பியோரம் இருந்தவள் பொருமிக்கொண்டு வந்தாள்.

"அந்த ஓட்டல் வெப்சைட்டுல அவ அலையே வரையலடி. வெறும் கோடுதான்."

"யாரு, ஸ்டெல்லாவா?"

"வேற யாரு? கோடு போட்ட படம் ரெண்டு. ஒண்ணு மேல ஒண்ணு நகருது, பாக்கறவங்களுக்கு அலை அடிக்கிற மாதிரி தெரியுது. அதுக்குப் போயி அந்த ஓட்டல்காரரு எழுந்து நின்னு கை தட்டறாரு."

"நல்லாத்தானே இருந்துச்சி?"

"கொசுவலைய ரெண்டா மடிச்சி ஆட்டிப் பாரு, அதே அலைதான். எங்க வீட்டுலயும் கொசுவலை இருக்கு."

தோழி சிரித்தாள். "அப்ப நீயும் செய்யேன்."

"நேத்து செஞ்சேன். அவ படத்துல ஒண்ண எடுத்து, அதையே ஒண்ணு மேல ஒண்ணா போட்டு நகர வச்சேன். அலையே வரல. பக்கம் முழுக்க கண்ணு சிமிட்டுது."

"ரெண்டும் ஒரே படம்னா அப்படித்தான். அவ ஒண்ணுல மட்டும் கோட்டக் கொஞ்சம் நெருக்கிப் போட்டிருக்கா. எனக்குக் காட்டினா."

சாரம் ஸ்டாப் வந்தது. இறங்கும்போது கம்பியோரக்காரி கேட்டாள்.

"ஒனக்கு மட்டும் ஏன் காட்டினா?"

"ஒன்னத்தான் மொதல்ல கூப்புட்டா. நீ தலைவலின்னு சொல்லிட்டு ஹெட்போன மாட்டிக்கிட்ட."