நம்ம ஊரு கரண்ட்

விஜி: ...இல்லடி, ஆதிகேசவன் சார் எல்லார் ரெக்கார்டும் சைன் போட்டுக் குடுத்துட்டாரு. என்னுது மட்டும் டேபிள்லயே இருக்கு.

சௌம்யா: பாக்க மறந்திருப்பாரு.

விஜி: மறக்கல. நடுவுல ஒரு பக்கத்துல ஸ்கேல் வெச்சு மூடியிருக்காரு. ஜன்னல் வழியா பாத்தேன்.

சௌம்யா: பேசாம போலீஸ்ல சேந்துடு நீ. ஃபிசிக்ஸ் எதுக்கு உனக்கு?

விஜி: சிரிக்காத. சைன் இல்லாம நாளைக்கு பிராக்டிகல் உக்கார விட மாட்டாங்க. ஒரு வருஷம் போயிடும். எங்கப்பா கடைக்கு துணி எடுக்க வர்றவங்ககிட்டல்லாம் பொண்ணு எம்.எஸ்சி போறான்னு சொல்லிட்டிருக்காரு.

சௌம்யா: சரி, எந்த எக்ஸ்பெரிமெண்ட்டு?

விஜி: சோனாமீட்டர். கம்பியில கரண்ட் விட்டு மெயின்ஸ் ஃப்ரீக்வென்சி கண்டுபிடிக்கிறது.

சௌம்யா: அன்னிக்குதான் லேப்ல கரண்டே இல்லியே.

விஜி: அதான்... சனிக்கிழமை வந்து பண்ணுங்கன்னாரு. யாரு வந்தா? பிரவுசிங் சென்டர்ல நீ ஒரு சைட் காட்டினியே, அமெரிக்கா காலேஜ் பசங்க ரீடிங் எல்லாம் போட்டு வெச்சிருந்தாங்களே...

சௌம்யா: மெதுவா பேசு. அதையே எழுதிட்டியா?

விஜி: ஒரு புள்ளி மாத்தல.

சௌம்யா: ரிசல்ட்டு எவ்ளோ?

விஜி: அறுபது. கணக்கு கரெக்டுடி, நாலு தடவ போட்டுப் பாத்தேன்.

சௌம்யா: விஜி... இங்க கரண்ட் அம்பது ஹெர்ட்ஸ். அறுபது அவங்க ஊர்லதான்.

விஜி: ஐயய்யோ... அம்பதுல்ல!

சௌம்யா: ஏய், அழாதடி. எல்லாரும் பாக்கறாங்க.

விஜி: மிக்ஸி அடியில, ஃபேன்லன்னு எல்லாத்துலயும் எழுதியிருக்குமே. எப்படிடி தோணாம போச்சு எனக்கு?

அட்டெண்டர் கிருஷ்ணப்பா: ஏனம்மா, இல்லி... இங்க விஜி யாரு? சார் கூப்பிடறாரு. டீ குடிக்கறாரு, அஞ்சு நிமிஷம் விட்டு உள்ள போ.

விஜி: ஐயோ... தப்பா அளந்துட்டேன்னு சொல்லவா?

சௌம்யா: சரியா அறுபது வர்ற மாதிரி யாரும் தப்பா அளக்க மாட்டாங்க.

விஜி: இரு... நீயும் சனிக்கிழமை வரலியே.

சௌம்யா: ம்.

விஜி: உன் ரெக்கார்டு சைன் ஆயிடுச்சுல்ல? உனக்கு எவ்ளோ வந்துது?

சௌம்யா: அம்பது.

விஜி: எங்க போய் அளந்தே?

சௌம்யா: நேரமாச்சு, நீ உள்ள போ.

விஜி: சௌமி. எங்க அளந்தே?

சௌம்யா: அதே சைட்டுதான். கம்பி நீளம் கூடினா ஃப்ரீக்வென்சி குறையுமே, அவங்க நீளத்தையெல்லாம் ஆறால பெருக்கி அஞ்சால வகுத்து அறுபத அம்பதாக்கி எழுதிட்டேன். உங்கிட்ட சொன்னா ரெண்டு பேர் ரெக்கார்டும் ஒரே மாதிரி இருக்குமேன்னு... சொல்லல.