தோமானுக்குத் துணை

எங்கள் வீட்டு மீன்தொட்டியின் அகலம் மூன்றடியா மூன்றரை அடியா என்பது இப்போது எனக்குச் சரியாக நினைவில்லை. எழுந்து போய் அளந்தால் தெரிந்துவிடும். ஆனால் கலோய் மீன் இருக்கும்போது தண்ணீருக்குள் கைவிட எனக்கு விருப்பமில்லை. என் நினைவை நான் அதிகம் நம்புவதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேத்தரின் என்னிடம் சாவியை ஒரு முறை கேட்டாளா, இரண்டு முறை கேட்டாளா என்பதும் இப்படித்தான். அதை அளக்க வழியில்லை.

பெரிய மீன் வளர்ப்பவர்கள் எல்லோரும் தொட்டியின் நீளத்தைத்தான் பார்க்கிறார்கள். நீந்துவதற்கு நீளம் வேண்டும் என்பது சரி. திரும்புவதற்கு அகலம் வேண்டும். தாராளமாகத் திரும்ப முடியாத மீன் நாளடைவில் கெட்டுப்போகும். எதிரே வருவதெல்லாம் தன்னை வழிமறிக்கவே வருகிறது என்று நினைக்கும். ஆர்கைல் ரோட்டில் எங்கள் கடைவீடும் அப்படிப்பட்டது. வாசலிலிருந்து கொல்லைவரை ரயில்பெட்டி போல நீண்டு கிடக்கும். நடையில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் எப்போதும் ஒட்டி நின்றவன் நான்.

என் அண்ணன் ஆர்தர் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கூலியாட்களை மேய்க்கும் கண்டக்டராக இருந்தார். ரப்பர் விலை விழுந்த வருடம் தோட்டத்தில் ஆட்களைக் குறைத்தார்கள். அவரைக் குறைத்ததற்கு விலை மட்டும் காரணமில்லை, ஒரு கூலியாளின் கை உடைந்த விஷயமும் இருந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். பெட்டியோடு வந்து மாடியறையை எடுத்துக்கொண்டார். அம்மாவும் அப்பாவும் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்கள். நான் பீச் ஸ்திரீட்டில் ஒரு கப்பல் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அண்ணன் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். காலையில் நல்லவிதமாகவே இருப்பார். குளிக்கும்போது மாதா கோவில் பாட்டுப் பாடுவார். பிறகு ஏதாவது ஒன்று நடக்கும். கோப்பி ஆறியிருக்கும், அல்லது நான் நடையில் எதிரே வந்திருப்பேன். அந்த வருடம் என் இடது காது கேட்காமல் போனது. ஆபீசில் சளி என்று சொன்னேன்.

தோமான் அதற்கு முன்பிருந்தே என்னிடம் இருந்தது. விராலில் பெரிய ஜாதி அது. குஞ்சாக இருக்கும்போது சிவப்புக் கோடு போட்டு அழகாக இருக்கும். அழகைப் பார்த்து வாங்குகிறவர்கள், அது முழங்கை நீளம் தாண்டியதும் ஆற்றில் விட்டுவிடுகிறார்கள். நான் விடவில்லை. கூரையில்லாத நடுமுற்றத்தில் சிமெண்டுத் தொட்டி கட்டி, ஒரு பக்கம் தடித்த கண்ணாடி பதிக்கச் செய்தேன். துணைக்கு ஒரு கலோய் விடலாம் என்று நினைத்தேன். கலோய் அகலமான, தட்டையான மீன். இலை தழை தின்று அது பாட்டுக்கு இருக்கும். சௌராஸ்தா பசாரில் எனக்கு மீன் தருகிற காஜா மொய்தீன் சிரித்தார்.

“துணைன்னு நீங்க சொல்றீங்க தம்பி. சாப்பாடுன்னு அது சொல்லும் லா.”

துணைமீன் தேர்வதில் மக்கள் இரண்டு விதமாகத் தவறு செய்கிறார்கள். சிலர் சின்னதாக வாங்குவார்கள். அது விழுங்கப்படும். சிலர் சமமான முரட்டு மீனாக வாங்குவார்கள். இரண்டும் கிழித்துக்கொண்டு இரண்டும் போகும். வாய்க்குள் போகாத அளவு உடம்பும், திருப்பிக் கடிக்காத குணமும் உள்ளதைத் தேட வேண்டும்.

முதல் கலோய் சாகவில்லை. வால் கிழிந்து மூலையில் நின்றது. நான் ஆபீஸ் விட்டு வந்து அதன் எதிரே வெகுநேரம் உட்கார்ந்திருப்பேன். அதுவும் அசையாது, நானும் அசையமாட்டேன். சில வாரங்கள் கழித்து இன்னொரு கலோய் வாங்கி விட்டேன். தோமானின் கவனம் புதியதன்மேல் போயிற்று. பழையது மெதுவாக மூலையை விட்டு வெளியே வந்தது. வால் மறுபடி வளர்ந்தது. புதியது அதிக நாள் தாங்கவில்லை, ஆனால் அதற்குள் பழையது தேறிக்கொண்டது. அப்படித் தேறியதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாலையில்தான் அண்ணனுக்குக் கல்யாணம் செய்துவைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

எங்கள் கோவில் உபதேசியாரின் மனைவி மார்த்தா அக்கா பெண் பார்த்துக் கொடுப்பார். முதலில் சொன்ன பெண்ணுக்குத் துறைமுகத்தில் வேலை செய்யும் அண்ணன்மார் மூன்று பேர். அந்தப் பெண் அண்ணனுக்குப் பொருந்தமாட்டாள் என்று சொல்லிவிட்டேன். அடுத்தது கேத்தரின். தோட்டத்துக் காய்ச்சலில் தாய் தகப்பனை இழந்து கன்னியர் மடத்தில் வளர்ந்தவள். நான் போய்ப் பார்த்தபோது துணி வெளுத்துக்கொண்டிருந்தாள். முழங்கையில் கஞ்சி கொட்டிய காயம் இருந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று சொல்லிப் புன்னகைத்தாள். நல்ல உடம்புவாகு. எனக்குத் திருப்தியாக இருந்தது.

மார்த்தா அக்கா மட்டும் என்னைத் தனியே கூப்பிட்டு, “தம்பி, உங்க அண்ணன் எப்படிப்பட்டவரு? இந்தப் புள்ளைக்குன்னு கேக்க ஆளில்ல. அதான் நான் கேக்குறேன்” என்றார்.

“உழைப்பாளிக்கா. கொஞ்சம் சத்தமாப் பேசுவாரு.”

“ஆம்பளைங்க என்னைக்குத் தம்பி மெதுவாப் பேசியிருக்காங்க” என்று சிரித்தார்.

எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டியது என்று சாமியார் வாசித்துவிட்டுச் சற்று நேரம் நிறுத்துவார். அந்த மௌனம் எனக்குப் பிடிக்கும். மூன்று வாரமும் நான் முன்வரிசையில் இருந்தேன். நல்ல காது அவர் பக்கம்தான் இருந்தது.

அதன் பிறகு வீட்டில் எனக்குக் குறை இருக்கவில்லை. அண்ணன் என்மேல் கை வைப்பதை நிறுத்தினார். எனக்குச் சாப்பாடு இறங்கியது, உடம்பு தேறியது. கேத்தரின் என்னைத் தம்பி என்று கூப்பிடுவாள். எனக்கென்று மீன்குழம்பில் தலையை எடுத்து வைப்பாள். தோமானுக்கு அவள் வைத்த பெயர் துரை. நான் வேலை முடிந்து வரும்போது வாசலிலேயே நிலவரம் சொல்வாள். “துரைக்கு இன்னைக்கு நல்ல கோவம் தம்பி. கீழ இருக்குற துரைக்கும், மாடியில இருக்குற துரைக்கும்.” சொல்லிவிட்டு, வீங்கிய உதட்டைக் கையால் மறைத்துக்கொண்டு சிரிப்பாள். அவள் சுபாவம் அப்படி. நான் தேர்ந்தெடுத்தது தவறவில்லை.

பெரிய மீன் இருக்கும் தொட்டியில் ஒரு பானையைக் கவிழ்த்துவைக்க வேண்டும். துணைமீன் நுழையும் அளவுக்கு அதில் வாய் உடைத்திருக்க வேண்டும். பெரியது நுழையக்கூடாது. எங்கள் வீட்டில் உள்தாழ்ப்பாள் போட்ட அறை என்னுடையது ஒன்றுதான். கேத்தரின் அதைத் தானாகவே கண்டுபிடித்துக்கொண்டாள். பகலில் நான் இல்லாத நேரம் உள்ளே போய்த் தாழிட்டுக்கொள்வாள். அண்ணன் கோபம் இறங்கியதும் வெளியே வந்து அடுப்பைப் பற்றவைப்பாள். பல மாதங்கள் இப்படி ஓடின. எனக்கு அதில் ஆட்சேபமில்லை.

ஆனால் பானைக்குள் ஏற்கனவே ஒரு மீன் குடியிருந்தால் என்ன ஆகும் என்பதை நான் யோசித்திருக்கவில்லை. ஒரு நாள் மாலை அண்ணன் என் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே கேத்தரின் இருந்தாள். அவர் என்னைத்தான் பார்த்தார். “டேய் பெர்னார்ட், என் பொண்டாட்டிக்கு உன் ரூம்ல என்னடா வேலை?” என்று மெதுவாகக் கேட்டார். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அன்று மறுபடி என்னை அடித்தார். பெரிய அடி என்று சொல்ல முடியாது. ஆனால் கவனம் திரும்பிவிட்டது என்பது எனக்குப் புரிந்தது.

மறுநாள் சனிக்கிழமை. மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. வேலைக்குக் கிளம்பும்போது அறையை வெளியிலிருந்து பூட்டினேன். அதுவரை பூட்டியதே இல்லை. கேத்தரின் நடையில் சுவரோடு ஒட்டி எனக்கு வழிவிட்டு நின்றாள். அவள் சொன்னது இதுதான். எத்தனை முறை என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

“தம்பி, சாவிய மட்டும் வெச்சிட்டுப் போங்க.”

“பாக்கலாம் அண்ணி” என்றேன். சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

சனிக்கிழமை அரைநாள்தான் வேலை. அன்று நான் நேரே வீட்டுக்கு வரவில்லை. மழை விடட்டும் என்று எஸ்பிளனேடில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மழை விட்ட பிறகும் கொஞ்ச நேரம் இருந்தேன். வந்தபோது அவள் என் அறை வாசலில் கிடந்தாள். அண்ணன் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார். கதவின் கைப்பிடி மிகவும் தளர்ந்துபோயிருந்தது. போலீசுக்கு ஆள் அனுப்புவதற்கு முன் அதை நானே முடுக்கினேன். தளர்ந்த கைப்பிடி எனக்குப் பிடிக்காது.

ஈரத்தில் வழுக்கி விழுந்தாள் என்று அண்ணன் சொன்னார். அறைக்கதவு வெகுநேரம் தட்டப்பட்டதைக் கேட்டதாகப் பக்கத்து வீட்டார் சொன்னார்கள். நான் கோர்ட்டில் உண்மையையே சொன்னேன். அண்ணனின் சுபாவம், என் காது, அவளுடைய பொறுமை எல்லாவற்றையும் சொன்னேன். சாவியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன். நான் யார்மீதும் கை வைத்தவனில்லை. இடத்தையும் துணையையும் பார்த்துக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

அண்ணனுக்குப் பத்து வருடம் கடுங்காவல் விதித்தார்கள். இரண்டாம் வருடமே சிறையில் வயிற்றுப்போக்கில் இறந்தார். கேத்தரின் வெஸ்டர்ன் ரோடு கல்லறையில் இருக்கிறாள். சிலுவை நான் வைத்தது. மார்த்தா அக்கா புருஷனோடு பட்டர்வொர்த்துக்குப் போய்விட்டார். போவதற்கு முன் கோவில் வாசலில் என்னை வெகுநேரம் பார்த்தார். தோமான் வெயில் காலத்தில் செத்தது. கலோய் இருக்கிறது. தோமான் போனதிலிருந்து தொட்டியில் எதை விட்டாலும் அது கிழித்துவிடுகிறது. முன்பு அது அப்படி இல்லை. காஜா மொய்தீன் எனக்கு மீன் விற்பதை நிறுத்திவிட்டார்.

மாடியறை இப்போது என்னுடையது. நான் கொஞ்சம் சத்தமாகப் பேசுகிறேன் என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்களாம். ஒரு காது கேட்காதவன் அப்படித்தான் பேசுவான். கன்னியர் மடத்துக்கு நானே போய் நவமணி என்ற பெண்ணை எனக்குக் கேட்டிருக்கிறேன். அமைதியானவள், நல்ல உடம்புவாகு, கூடப்பிறந்தவர்கள் யாருமில்லை. முதல் ஓலையைப் போன ஞாயிறு வாசித்தார்கள். சாமியார் வழக்கம்போல் சற்று நேரம் நிறுத்தினார். யாரும் எதுவும் சொல்லவில்லை.