மாப்பிள்ளை கேட்ட கியர் வண்டி

ஹலோ... ஆமாங்க, கல்யாண ஊர்வலத்துக்குக் கார் விடற எடந்தான்... சிதம்பரத்துலேருந்துதான் பேசறேன். மங்கலம்... மொதலாளியா? மொதலாளி நாந்தாங்க, சொல்லுங்க... என்ன?... கொஞ்சம் தள்ளி வந்து பேசுங்க சார், பின்னாடி மிக்சி ஓடற சத்தம் காத அடைக்குது... ம்ம், இப்ப கேக்குது.

ஞானசேகரன்... கடலூர் மஞ்சக்குப்பம்... பொண்ணுக்குத் தாய்மாமன். சரி, சரி. மண்டபத்து மேனேஜரு நம்பர் குடுத்தாரா? நல்ல மனுஷன்... எப்ப கல்யாணம்?... வர்ற ஆவணியில. ம்ம்... ம்ம்... ஸ்போர்ட்ஸ் காரா? இருக்கு சார். ரெண்டு இருக்கு. ரெண்டுமே கூரை இல்லாதது, ரெண்டு பேரு ஒக்கார்றது. செவப்பு வண்டி கியரு. வெள்ளை வண்டி ஆட்டோமேட்டிக்கு, பாண்டிச்சேரியில ஒரு பிரெஞ்சுக்காரரு வச்சிருந்தது... ஆமாமா, ரெண்டும் ஓடற வண்டிதான்.

கியரே வேணுமா?... மாப்பிள்ளை சொல்லிட்டாரா... கியர் இருந்தாத்தான் ஸ்போர்ட்ஸ் காரா? நல்லாச் சொன்னாரு போங்க. யாரு ஓட்டப் போறா?... அவரேவா?... சார், நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. பைபாஸ்ல எடுத்துட்டுப் போயி முறுக்கறதுக்குன்னா கியர் வண்டிக்கு ஈடே இல்ல. நானே சொல்லுவேன். நீங்க கேக்கறது ஊர்வலத்துக்கு. முன்னாடி பேண்டு செட்டு போவும், அதுக்கும் முன்னாடி பசங்க ஆடுவாங்க. வண்டி எறும்பு மாதிரி ஊரணும். பத்தடி போவணும், நிக்கணும். மறுபடி பத்தடி... கியர் வண்டியில அதுக்கு என்ன பண்ணணும்? கிளட்ச்ச முழுசா விடவும் கூடாது, முழுசா மிதிக்கவும் கூடாது. பாதியிலயே புடிச்சிக்கிட்டுப் போவணும்... ஆங், அதேதான். உள்ள இருக்கற பிளேட்டு தேய்ஞ்சி தேய்ஞ்சி சூடேறும். கொஞ்ச நேரம் தாங்கும். அப்புறம் பழைய டயரைக் கொளுத்தின மாதிரி ஒரு நாத்தம் வரும் பாருங்க, பட்டுப் பொடவை கட்டினவங்கல்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுவாங்க. அதோட முடிஞ்சிது. ஆக்சிலேட்டர என்னா மிதி மிதிச்சாலும் இஞ்சின்தான் கத்தும். வண்டி நவுராது.

இல்ல சார், வியாபாரத்துக்காகச் சொல்லல. ஆட்டோமேட்டிக்குல கிளட்ச்சே கெடையாது. பிரேக்குலேருந்து கால லேசா எடுத்தா தானா நவுரும், வச்சா நிக்கும். ஊர்வலத்துக்குச் செவப்பு வண்டிய நான் அனுப்பறதே இல்ல... மாப்பிள்ளைகிட்டப் பக்குவமா எடுத்துச் சொல்லுங்க... சரி, அப்ப வெள்ளையவே எழுதிக்கிறேன்.

முன்னாடி தெர்மாகோல்ல பேரு வெட்டி வைக்கணும், சொல்லுங்க. பொண்ணு பேரு?... கயல்விழி. நல்லாருக்கு. மாப்பிள்ளை பேரு?... ராஜ்கமல்...

எந்த ஊருங்க?... ஸ்ரீமுஷ்ணம்... அவரு அப்பா பேரு?... தேவநாதன்...

இருக்கேன் சார், லைன்ல இருக்கேன்... ஒண்ணுமில்ல, தண்ணி பொறை ஏறிடுச்சு... மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை பாக்கறவருதான?... ஸ்ரீமுஷ்ணத்துல எங்களுக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க, அதான் கேட்டேன்.

ஏன் சார், அந்தத் தம்பிக்குப் போன வருஷம் எங்கியோ நிச்சயம் பண்ணி, பத்திரிகையெல்லாம் அடிச்சி, நின்னு போச்சின்னு ஒரு பேச்சு காதுல விழுந்துச்சே... உங்ககிட்டயே சொன்னாங்களா. மறைக்காம சொல்லிட்டாங்களா. பெரிய மனசுதான்... என்னன்னு சொன்னாங்க?... பொண்ணு சரியில்லயா... ம்ம்... டிரைவர் வேலை பாத்தவளா... கண்ட ஆம்பளைங்களோட கார்ல சுத்தினவளா. அப்படியா சொன்னாங்க... யாரு பாத்தாங்களாம்?... ஓஹோ, எல்லாருக்கும் தெரியுமா. அந்தப் பொண்ணு வீடு எந்த ஊருன்னு கேக்கலயா நீங்க?... கேக்கல. சரி, நமக்கெதுக்கு... இல்ல சார், கோவமெல்லாம் இல்ல. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். நல்லாக் கேட்டுக்கிட்டேன்.

சார், ஒண்ணு தோணுது. மாப்பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டிருக்காரு. கியர் வண்டியே குடுத்துடலாமே... நாந்தான் வேணாம்னேன். இப்ப நாந்தான் வேணும்ங்கறேன்... நாத்தமா? அது ஓட்டத் தெரியாதவங்க ஓட்டினா வரும். உங்க மாப்பிள்ளைதான் நல்லா ஓட்டுவாருன்னு சொல்றீங்களே... ஆமா, மெட்ராஸ்ல ஓட்டினவரு இந்த ஊரு நாலு வீதியில ஓட்ட மாட்டாரா? ஒரு கையில ஸ்டீரிங்கு, ஒரு கையில கியரு, கழுத்துல மாலை. கூலிங் கிளாஸு போட்டுக்கச் சொல்லுங்க, எடுப்பா இருக்கும்.

கிளட்ச்சா? எம் வண்டி கிளட்ச்சப் பத்தி நீங்க ஏன் சார் கவலப்படறீங்க? போனாப் போயிட்டுப் போவுது. நான் மாத்திக்கிறேன். உங்ககிட்ட ஒரு பைசா கேக்க மாட்டேன்.

எங்கேருந்து கெளம்பறாங்க?... மேலவீதிப் பிள்ளையார் கோயில்லேருந்து நேரா மண்டபமா? அய்ய, அது எம்மாந்தூரம் சார், பேண்டுக்காரன் ஒரு பாட்டு முடிக்கறதுக்குள்ள வந்துடுமே. நாலு வீதியும் சுத்தி வரச் சொல்லுங்க. மேலவீதி, வடக்கு வீதி, கீழவீதி, தெக்கு வீதி. சொந்தக்காரங்க வூட்டு வாசல்லல்லாம் நிறுத்தி ஆரத்தி எடுக்கட்டும். வேட்டு வெடிக்கறவங்ககிட்ட சொல்லி விட்டு விட்டு வெடிக்கச் சொல்லுங்க, ஜாஸ்தி நேரம் நின்னு நின்னு போவட்டும். கடைக்காரங்க, பஸ் ஏற வந்தவங்க, காலேஜு பசங்க, எல்லாரும் மாப்பிள்ளைய நல்லாப் பாக்கட்டும்... ஆமா சார், எல்லாரோட ஆசீர்வாதமும் வேணும்ல.

பக்கத்துல யாரு ஒக்கார்றது? பொண்ணோட அண்ணந்தம்பியா?... யாரு?... பொண்ணா? மாப்பிள்ளை அழைப்புல பொண்ணு எப்படி சார் வரும்... ஓ. அழைப்பு இல்லயா. ரிசப்ஷனுக்கு முன்னாடி ரெண்டு பேரும் சேர்ந்தா... வீடியோக்காரன் சொன்னானா...

இல்ல... இல்ல சார், பேசிக்கிட்டுத்தான் இருக்கேன். பொண்ணு வராதுன்னு நெனைச்சேன்... பக்கத்துலயே இருக்காளா? குடுங்க. குடுங்க, ஒரு வார்த்தை பேசறேன்.

சொல்லும்மா... வணக்கம்... மங்கலம்தான். ஆன்ட்டின்னே கூப்பிடு... ம்ம்... பயமா இருக்கா, ஏன்?... அவரு ஓட்டி நீ பாத்ததே இல்லயா... வண்டி நடுவுல நின்னு போவுமான்னு கேக்கறியா...

நீ அதுல ஏறியே ஆவணுமாம்மா?... ஆமா, அதுவும் சரிதான். உங் கல்யாணம். நீ ஏறாம யாரு ஏறுவா... உனக்குக் கியர் பத்தியெல்லாம் தெரியாதா? வேற என்ன ஓட்டுவ?... ஸ்கூட்டி. வேலைக்கு அதுலதான் போறியா... திருப்பாப்புலியூர் டிராபிக்ல ஓட்டறவளுக்கு என்ன பயம்?... என்ன?... விக்கறதா? யாரு விக்கச் சொன்னது?

அவரா.

என்னன்னு சொன்னாரு?... கல்யாணத்துக்கப்புறம் பொம்பளைக்கு எதுக்கு வண்டின்னா... ம்ம்... மாமாகிட்ட சொன்னியா?... சிரிச்சிட்டாரா. சரி... அழுவாத. பக்கத்துல மாமா இருக்காரா? மாடிக்குப் போ. டவர் கெடைக்கலன்னு சொல்லிட்டுப் போ... போயிட்டியா? கதவைச் சாத்து.

கயல்விழி, நான் இப்ப சொல்றத நடுவுல பேசாம கேளு. மொதல்ல நின்னு போச்சே ஒரு கல்யாணம், அந்தப் பொண்ணு எம் பொண்ணு. எழிலரசி... ஆமாம்மா. உங்க வூட்டுல வந்து டிரைவர்னும், ஊர் சுத்தறவள்னும் சொன்னாங்களே, அவதான். டிரைவர்தான். எங்க வூட்டுக்காரர் போனப்புறம் பெரிய காரு, சின்னக் காரு எல்லாத்தையும் அவதான் ஓட்டறா. பொண்ணு மாப்பிள்ளைய ஏத்திக்கிட்டுத்தான் சுத்தினா.

நிச்சயமாகி, சிநேகிதக்காரங்களோட வந்தாரு உங்காளு. செவப்பு வண்டிய ஓட்டிப் பாக்கணும்னாரு. எழில் பக்கத்துல ஒக்காந்தா. கீழவீதி முக்குல ரிவர்ஸ் எடுக்கத் தெரியாம நிறுத்திட்டாரு. பின்னாடி பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிக்கிறான், ஊரே கூடி நிக்குது. வேர்த்து ஊத்துது அவருக்கு. இவதான், கொஞ்சம் எறங்குங்கன்னு சொல்லிட்டு எடுத்து விட்டா. பைக்குல கூடவே வந்த அவரு பிரண்டுங்க சிரிச்சிட்டாங்க. அம்புட்டுதான் நடந்தது. மறுவாரம் அவங்கப்பா வந்து, எங்க பையனுக்குப் பொண்டாட்டிதான் வேணும், டிரைவர் வேணாம்னுட்டுப் போனாரு... அதோட விட்டாங்களா? ஒவ்வொரு ஊருலயும் ஒவ்வொரு கதை. அதுக்கப்புறம் இவளுக்கு வர்ற வரனெல்லாம் ஸ்ரீமுஷ்ணத்துல ஒரு வார்த்தை விசாரிச்சிட்டுத் திரும்பிப் போயிடுது.

இல்லம்மா. கல்யாணத்த நிறுத்துன்னு நான் சொல்லல. சொல்ல மாட்டேன். பத்திரிகை அடிச்சப்புறம் நின்னா ஒரு வீடு எப்படி இருக்கும்னு பாத்தவ நான். வேணும்ங்கறதும் வேணாம்ங்கறதும் உன் இஷ்டம்... வேணும்ங்கறியா. சரி. மனசு சுத்தமாச் சொன்ன, சந்தோஷம்.

ஆனா அவருக்கு நான் ஒண்ணு செய்யணும். செய்யாம எனக்குச் சோறு எறங்காது. உங்க மாமாகிட்ட இவ்வளவு நேரம் அதுக்குத்தான் செவப்பு வண்டிய தள்ளிக்கிட்டு இருந்தேன். கிளட்ச் கருகி, நடுவீதியில வண்டி படுத்து, அவரு எறங்கித் தள்ளணும். நான் எதிர்ல ஜவுளிக்கடை படியில நின்னு பாக்கணும்னு இருந்தேன். நீயும் ஏறுவேன்னு தெரியாது. எம் பொண்ணை நாலு பேரு பாத்த மாதிரி உன்னையும் பாக்க வைக்க எனக்கு மனசு வரல... என்ன?...

எழிலா? இப்ப வண்டி கழுவிக்கிட்டு இருக்கா. ஏன்?... கத்துக் குடுப்பாளாவா? உனக்கா?... இரு. இரு இரு, அவசரப்படாத. யோசிக்க வுடு.

உன்கிட்ட லைசென்ஸ் இருக்கா?... அப்பா காரு ஓட்டலாம்னு எல்எல்ஆரும் போட்டியா? அப்புறம் ஏன் ஓட்டல... அவரு வேணாம்னாரா. சரியாப் போச்சு. டெஸ்ட்டுக்கு நாள் குடுத்திருக்காங்களா?... கல்யாணத்துக்கு முன்னாடியே வருதா? அப்ப மொதல்ல அதைப் பாஸ் பண்ணு. மத்ததை நான் பாத்துக்கறேன்.

வெள்ளை வண்டி, கண்ணு. கேட்டுக்கோ. ரெண்டே பெடலு. உன் ஸ்கூட்டி மாதிரிதான், முறுக்கறதுக்குப் பதிலா மிதிக்கணும், அவ்ளோதான். இடது காலுக்கு வேலையே இல்ல. கொலுசு போட்டுச் சும்மா வச்சிக்க. சனிக்கிழமை சாயங்காலம் பொடவை எடுக்கப் போறேன்னு சொல்லிட்டுச் சிதம்பரம் வந்துடு. யூனிவர்சிட்டி பக்கம் ரோடு காலியா இருக்கும். எழில் சொல்லித் தருவா... அவளுக்குக் கோவமெல்லாம் வராது. எனக்குத்தான் வரும்.

ஊர்வலத்தன்னிக்கு சாவி உங்கையில இருக்கும். பிள்ளையார் கோயில் வாசல்லேருந்து எல்லாரும் கெளம்புவீங்க. நீ பொடவைய தூக்கிச் சொருவிக்கிட்டு, நேராப் போயி ஸ்டீரிங் பக்கக் கதவைத் தொறந்து ஒக்காந்துடு. யாரையும் கேக்காத... திட்டுவாரா? எப்படித் திட்டுவாரு? வீடியோ லைட்டு மூஞ்சியில அடிக்குது, பேண்டுக்காரன் ஊதறான், சொந்தம் பூரா நிக்குது. சிரிச்சிக்கிட்டுப் பக்கத்துல ஏற வேண்டியதுதான். நாலு வீதியும் உன் பக்கத்துல ஒக்காந்து வரட்டும். டிரைவர் வேணாம்னு சொன்னாங்களே... வண்டி அழகா ஊர்ந்து போவும், ஒரு எடத்துல நிக்காது. அதான் வேணும். நின்னாக்கூட வண்டி மேல பழி போட்டுடுவாரு.

மாமாகிட்ட வெள்ளை வண்டின்னு சொல்லிடு, கிளட்ச் கருகற கதைய அவருக்கு மொதல்லயே சொல்லிட்டேன்... எங்க கடை பேரு மட்டும் மாப்பிள்ளை காதுக்குப் போவக் கூடாது. மேனேஜரு ஏற்பாடுன்னு சொல்லிடலாம்.

அது என்ன சத்தம்?... உன் செல்லா? யாரு?... அவரா. எடுக்காத, ஒரு நிமிஷம். எந்த வண்டி புக் பண்ணீங்கன்னுதான் கேப்பாரு. கியரான்னு கேப்பாரு. நீ என்ன சொல்லுவ?... அய்யோ, அதைச் சொல்லாத, பொய்யி மூஞ்சியிலயே தெரியும். எனக்குக் காரைப் பத்தி என்னங்க தெரியும், மாமாதான் பேசினாருன்னு சொல்லு... ஆமா, அதைத்தான் அவரு நம்புவாரு. எங்க, எங்கிட்டச் சொல்லிக் காட்டு... சிரிக்கற. சிரிக்காம சொல்லு... ம்ம். இன்னொரு தரம். அந்த என்னங்கவ இன்னும் கொஞ்சம் இழு... ஆங். அதான். இப்ப எடு, மணி அடிச்சிக்கிட்டே இருக்கு. இந்த போனை வச்சிடு... ஹலோ?... கயல்விழி?...

எடுத்துட்டா.