பெயர் போடாத பட்டன்

மாசாயிலிருந்து ஜொகூர் பாரு போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இணையப் பக்கங்கள் வடிவமைக்கும் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“கண்ணு தெரியாத எங்கப்பாகிட்ட, திரையில இருக்கறத வாசிச்சுச் சொல்ற ஃபோன் வெறும் ‘பட்டன், பட்டன்’னு சொல்லியிருக்கு.”

“கிளினிக் வெப்சைட்டா?”

“ஆமா. பட்டன்ல படம்தான் இருக்கு, ஃபோன் வாசிக்கறதுக்குப் பேரு போடல. கோடுல ஒரு வரி எழுதினா போதும்லா. என்னைத் தொந்தரவு பண்ண வேணாம்னு அவரே கால் புண்ணுக்குத் தேதி எடுக்கப் பாத்து, எது எதுன்னு தெரியாம கேன்சல் பட்டன அமுக்கிட்டாரு.”

“அலமாக்!”

“தேதி கிடைச்சிடுச்சுன்னு நெனச்சு அவரு போனா, லிஸ்ட்ல பேரு இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அடுத்த தேதிக்குள்ள புண்ணு முத்திப்போய் காலையே எடுத்துட்டாங்க.”

“அவங்களுக்கு எழுதினியா?”

“எழுதினேன். சரி பண்ணிட்டோம்னு பதில் வந்துச்சு. தொறந்து பாத்தா, பட்டனோட கலர மட்டும் மாத்தியிருக்காங்க.”