சம்பந்தியம்மாளின் ஆய்வறிக்கை

மார்ச் மாதம் பதினொன்றாம் நாள், புதன்கிழமை. வானம் தெளிந்திருந்தது, காற்று மிதமாக வீசியது. உரையாடியோர் பெண்கள் இருவர்: மகளைப் பெற்றவர், மருமகனைப் பெற்றவர் (சுருக்கமாக ம. பெ.). ஆறாண்டுகள் பிள்ளைகளின் வீட்டில் ஒரே அறையில் வாழ்ந்தவர்கள்.

மருமகனைப் பெற்றவர்: குளியலறைத் தரை வழுக்குது. எழுதிக்கறேன்.

மகளைப் பெற்றவர்: எழுதுங்க சம்பந்தி. இப்பதான் கழுவிவிட்டேன்னும் சேர்த்து எழுதுங்க.

ம. பெ.: மாத்திரை டப்பா?

மகளைப் பெற்றவர்: அலமாரியில, ரெண்டாவது தட்டு. காலை மாத்திரை போட்டாச்சு.

ம. பெ.: எனக்கென்ன... என் பையன் பார்த்துட்டு வரச் சொன்னான். ஒரு மாசம் தனியா இருந்து பார்க்கறேன்னீங்க. கெடு இன்னியோட முடியுது. நான் 'சரிப்படாது'ன்னு ஒரு வார்த்தை சொன்னா, சாயங்காலமே வண்டியோட வந்து கூட்டிட்டுப் போயிடுவான்.

மகளைப் பெற்றவர்: தெரியும். அதான் காலையிலேருந்து வீட்ட ரெண்டு தடவ பெருக்கிட்டேன்.

ம. பெ.: என்னைப் பார்த்தா பயம்?

மகளைப் பெற்றவர்: ஆறு வருஷம் உங்க குறட்டையோட படுத்தவ நான்...

ம. பெ.: யாரு, நானா குறட்டை விடறேன்?

மகளைப் பெற்றவர்: பின்ன? இங்க வந்த முதல் வாரம், அந்தச் சத்தம் இல்லாம தூக்கமே வரல.

ம. பெ.: அப்ப திரும்பி வந்துட வேண்டியதுதானே!

மகளைப் பெற்றவர்: ரெண்டாவது வாரம் நல்லா வந்துது.

ம. பெ.: கொழுப்பு... சரி, இங்க அப்படி என்னதான் இருக்கு?

மகளைப் பெற்றவர்: நாற்காலிய ஜன்னலோரம் போட்டேன். பிடிக்கல, இழுத்து வாசப்பக்கம் போட்டேன். ஏன்னு கேக்க ஆளில்ல. அறுபத்தெட்டு வயசுல முதல் தடவையா...

ம. பெ.: இதுக்கா ஒரு தனி வீடு?

மகளைப் பெற்றவர்: இதுக்கேதான்.

ம. பெ.: ம்... அங்க டிவி ரிமோட்டு இப்ப எங்கிட்டயே கிடக்கு. பிடுங்க ஆளில்ல.

மகளைப் பெற்றவர்: நல்லதுதானே?

ம. பெ.: நல்லதுதான்... இருங்க, போன். அவன்தான்.

மகளைப் பெற்றவர்: உள்ளதச் சொல்லுங்க சம்பந்தி.

ம. பெ.: ஹலோ... பார்த்துட்டேன்பா. அத்தை இங்கயே இருக்கட்டும்... இல்ல, முழுசா சரின்னு சொல்ல முடியாது. அடுப்ப அணைக்க மறந்துடறாங்க. வாரம் ரெண்டு நாள் நான் வந்து பார்த்தாத்தான் ஆகும்... எனக்கென்னப்பா சிரமம்? வெச்சுடறேன்.

மகளைப் பெற்றவர்: அடுப்பா! நீங்க வந்ததுலேருந்து நான் அடுப்பே பத்த வைக்கலையே!

ம. பெ.: எனக்குத் தெரியாதா? ஒரு குறையும் இல்லன்னு சொல்லிட்டா, அப்புறம் நான் என்ன சாக்கு சொல்லிட்டு இங்க வர்றது?

மகளைப் பெற்றவர்: அட நீங்க வேற... மாப்பிள்ளை தானே வந்து பார்க்கறேன்னார். 'வேணாம், உங்க அம்மாவ அனுப்புங்க'ன்னு கேட்டதே நான்தான்.

உரையாடல் நிறைவுற்றபொழுது மணி, பிற்பகல் நான்கு பதினேழு.